கிழித்தானா, அழுதானா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் போடத் தாமதம், திட்டாதே. முட்டி வலி தேவலையா? இங்கே மகள் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். ராத்திரியில் துணைக்கு உட்காருகிறேன் என்று பேர், பாடம் எனக்குத்தான் நடக்கிறது.

போன வாரம் ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். அவளுடைய கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் நான் 'டேர் அப்' என்று எவனோ சொல்கிறான். ஆசையாக வந்த கடிதத்தை ஏன் கிழித்துப் போடுகிறான் என்று கேட்டேன், மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது டேர் இல்லையாம், 'டியர்', கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறதாம். எழுத்து இரண்டுக்கும் ஒன்றேதான், tear! இறந்த காலத்தில்தான் சாயம் வெளுக்கும்: கிழித்தால் டோர் அப், கண் கலங்கினால் டியர்ட் அப்.

அதிலிருந்து இதே நினைப்பு. சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்தால் வெறும் டேர். 'அப்' சேர்ந்தால் சுக்குநூறு. 'ஆஃப்' என்றால் நாம் காலண்டரில் தேதி கிழிப்பது. 'டவுன்' சேர்ந்தால் கட்டடத்தையே இடிப்பது. 1987 ஜூனில் அமெரிக்க அதிபர் ரீகன் பெர்லின் சுவருக்கு எதிரே நின்று, சோவியத் தலைவர் கோர்பச்சேவைப் பெயர் சொல்லி அழைத்து, 'டேர் டவுன்' என்றாரே, அதுதான். கான்கிரீட் சுவரைப் போய்க் கிழிப்பார்களா? நமக்குத் துணி கிழியும், கயிறு அறும், குச்சி ஒடியும், பானை உடையும், சுவர் இடியும், அப்பளம் நொறுங்கும். எது போனதோ அதற்கேற்ற வினை. அவர்களுக்குக் கயிறு, குச்சி, பானை மூன்றுக்கும் பிரேக் ஒன்றே போதும். ஆனால் பாவம், சொல்லுக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது, படக்கென்று ஒடிந்தால் ஸ்னாப், கண்ணாடி சில்லுச் சில்லாகத் தெறித்தால் ஷாட்டர் என்று தனித்தனியாகவும் வைத்திருக்கிறார்கள்.

யோசித்தால் நம்மிடமும் வால் ஒட்டும் வேலை உண்டு. கிழித்துவிடு, கிழித்துப் போடு, கிழித்தெறி, மூன்றும் ஒன்றா? நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம், அவர்கள் மேலே, கீழே என்று திசையை ஒட்டுகிறார்கள். சரி, "பெருசா என்ன கிழிச்சே?" என்று உன் அப்பா நம்மைக் கேட்பாரே, அதை எந்த வெள்ளைக்காரனுக்கு விளக்குவது?

அவர் ரேடியோ ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு பாகமாகப் பதவிசாகக் கழற்றினால் 'டேக் அபார்ட்', பிய்த்துப் போட்டால் 'டேர் அபார்ட்'. நாம் செய்ய நினைத்தது முதலாவது, அவர் வந்து பார்த்தது இரண்டாவது. திருப்பி மாட்டும்போது மிஞ்சிய ஸ்டேஷன் திருப்பும் குமிழை நீ பயத்தில் என் கால்சட்டைப் பையில் போட்டாயே, அது இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. வரும்போது எடுத்துக்கொண்டு போ.

உன்
பழைய பெஞ்சுக்காரன்