சிவப்புப் பூ

என் அன்புப் பிள்ளைக்கு,

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறிப் பன்னிரண்டு நாளாகிறது, இன்னும் பன்னிரண்டு நாளில் தேர். காலையில் போய்விட்டு வந்த கையோடு எழுதுகிறேன். சித்தியின் மகன் ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான், மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுவேன். வட்ஸ்அப்பில் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய்.

அன்றைக்கு நீ கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமையில் ஒரு விளக்காவது வை என்றதற்கு, கடவுள் இருக்கிறதுக்கு ஓர் ஆதாரம் காட்டுங்கோ, பிறகு வைக்கிறன் என்றாய். பௌதிகம் படித்த பிள்ளை, கேட்பாய்தான். சின்னனிலேயே அப்பாவை மடக்குகிற வாய். அதை ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவளும் நான்தான். ஆனால் அன்று உன் குரல் கேள்வி கேட்கிறவளின் குரல் மாதிரி இல்லை. பின்னால் மருமகனின் சத்தமும் கேட்கவில்லை. நைற் ஷிப்ட் என்றாய். மூன்று மாதமாக நைற் ஷிப்ட். சரி.

இன்று அரிச்சனை செய்தேன். சீட்டு இன்னமும் ஒரு ரூபாதான். உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, மருமகனின் பெயரையும் சொல்லிவிட்டு, அவருடைய நட்சத்திரம் வாயில் வராமல் நின்றேன். ஐயர் பார்த்துக்கொண்டு நின்றார், பின்னால் சனம் நெரித்தது. நல்லூரில் மூலஸ்தானத்தில் பார்க்க ஒரு முகம்கூட இல்லை, வேல்தான் இருக்கிறது. அந்த வேலைப் பார்த்துத்தான் இத்தனை சனமும் அழுகிறது.

உன் அம்மம்மாவை நினைத்துக்கொண்டேன். 1964இல் யோகர் சுவாமி சமாதியானபோது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கொழும்புத்துறைக்கு நடந்தே போன மனுசி. சுவாமியின் வாசகங்கள் நம் முன் விறாந்தையில் தொங்குகின்றனவே, அதில் எல்லாருக்கும் வாயில் வருவது ‘எப்பவோ முடிந்த காரியம்’தான். அவவுக்கு மட்டும் ‘நாமறியோம்’. கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டாலும் அதையே சொல்லுவா.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பக்கம் மழையில் நகர முடியாமல் நின்றதை நீ அறியமாட்டாய், உனக்கு மூன்று வயது, அப்பாவின் சைக்கிள் பாரில் நித்திரை. சாவகச்சேரியில் யாரோ ஒருவரின் தாழ்வாரத்தில் ஒதுங்கியதும் அம்மம்மா ஈரச் சேலைத் தலைப்பை அவிழ்த்துக் கற்பூரக் கட்டியை எடுத்துக் கொளுத்தினா. எனக்கு வந்த கோபம்! வீடு வாசலை விட்டு வந்து நிற்கிறோம், இந்தக் கடவுளுக்குக் கற்பூரம் ஒரு கேடா என்று ஊதி அணைத்துவிட்டேன். அவ கோபிக்கவில்லை. “ஏதும் தருவார் எண்டு நான் கொளுத்தேல்லை பிள்ளை, எனக்குக் கொளுத்தாமல் இருக்கத் தெரியாது” என்றா. பிறகு திரும்பவும் கொளுத்தினா. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமையில் விளக்கு வை.

இதை எழுதத்தான் இவ்வளவும் சுற்றி வளைத்தேன். உன் சம்பந்தம் பேசியபோது நீ யோசித்துக்கொண்டிருந்தாய் அல்லவா? பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன், வெள்ளை வந்தது, அவர் உத்தரவு தந்துவிட்டார் என்று போனில் சொன்னேன். நீயும் அதற்குப் பிறகுதான் ஓம் என்றாய். பிள்ளை, முதல் தரம் வந்தது சிவப்பு. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வாழையிலையில் சுற்றி நானே நூல் கட்டினேன், ஐயரின் சின்ன மகள் எடுத்துத் தந்தாள். கட்டியது சரியில்லை என்று திரும்பக் கட்டினேன். அதுவும் சிவப்பு. மூன்றாம் தரம்தான் வெள்ளை. அதை மட்டும் உனக்குச் சொன்னேன்.

அப்பாவுக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, உனக்கும் வயது போகிறதென்று எனக்குப் பயம். ஆதாரம் கேட்டவள் நான், வந்ததைப் பிடிக்காமல் எனக்கு வேண்டியது வரும்வரை கேட்டவளும் நான். அந்தச் சிவப்பு பிள்ளையார் சொன்னதா, அந்தக் குழந்தையின் கை போன போக்கா, தெரியாது. அதற்குப் பிறகு நான் எந்தக் கோயிலிலும் பூக்கட்டவில்லை, அடையாளம் காட்டு என்று கேட்கவும் இல்லை. போய் நிற்கிறேன், கும்பிடுகிறேன், வருகிறேன். நீ கேட்ட ஆதாரம் என்னிடம் இல்லை. இருந்தாலும் என் கையால் தந்தால் நீ நம்பக்கூடாது.

கோபம் என்றால் எடுத்து ஏசு. ஏசவாவது எடு.

கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை அவ்வளவு காய்க்கவில்லை. கிணறு பரவாயில்லை. தூளை நானே வறுத்து மில்லில் திரித்தது, இரண்டு கிலோ. இரண்டு பேருக்கு ஆறு மாதம் காணும். ஒரு ஆளுக்கென்றால் கூடிப்போகும், அப்படியென்றால் அதையும் எழுது, அடுத்த முறை அளவாகத் திரிக்கிறேன்.

அம்மா