சென்ட்ரிங் அடித்தாயிற்று, தளம் போடப் பணம் இல்லை: பயிற்சி இல்லத்துக்காக ஒரு வேண்டுகோள்

கர்த்தருக்குள் பிரியமான நம் சபையாருக்கும், சென்னை, மும்பை, கோயம்புத்தூர், வளைகுடா நாடுகள் என்று பிழைப்புக்காகப் போயிருக்கும் நம் ஊர் மக்களுக்கும் கட்டடக் கமிட்டியின் ஸ்தோத்திரங்கள்.

நேராகவே விஷயத்துக்கு வருகிறோம். மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தின் இடத்தில் கட்டிவரும் சபைத் தலைவர் பயிற்சி இல்லத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது, பில்லர் முடிந்தது, மேல்தளத்தைத் தாங்கச் சென்ட்ரிங் பலகை அடித்துக் கம்பியும் கட்டியாயிற்று. இனி கான்கிரீட் போட வேண்டியதுதான். அதற்கு 5,80,000 ரூபாய் வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. இதுவரை வந்த 24,15,000 ரூபாயும் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் கம்பிக்கும் கூலிக்கும் சரியாகிவிட்டது. பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை 1,800 ரூபாய். தளம் போட்டாலும் போடாவிட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கம்பி துருப்பிடிக்கும், பலகை உப்பும், மேஸ்திரியும் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் நமக்குக் கொடுத்திருக்கும் தேதி அக்டோபர் 10. அதற்குமேல் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

"கோயில் இருக்கிறது, குருமனை இருக்கிறது, இது எதற்கு இன்னொரு கட்டடம்?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நம் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரே குருவின் பொறுப்பில் உள்ள நம் சேகரத்தில் ஏழு ஊர் சபைகள். குருவாகிய ஐயர் ஒருவர். அவர் ஞாயிற்றுக்கிழமை மூன்று ஊருக்கு ஓட முடியும், மற்ற நான்கு ஊரில் ஆராதனை நடத்துவது யார்? முன்பெல்லாம் ஊருக்கு ஒரு சபை ஊழியர் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியாரும் அவரே, சண்டை தீர்த்து வைப்பவரும் அவரே, தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுப்பவரும் அவரே. அந்தத் தலைமுறை போய்விட்டது. பனைத்தொழில் ஒடுங்கி, பிள்ளைகள் படித்து வெளியே போன பிறகு, பல வீடுகளில் வயதானவர்களும் பெண்களும்தான் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், இன்றைக்குச் சபையைத் தூக்கி நிறுத்துவதும் அந்தப் பெண்கள்தான். வீட்டு ஜெபக்கூட்டம், ஓய்வுநாள் பள்ளி, நோயாளியைப் பார்ப்பது, குடிகாரப் புருஷனிடம் அடிபட்டவளுக்குப் படுக்க இடம் கொடுப்பது எல்லாம் அவர்கள் கையில். ஆனால் பிரசங்க பீடத்தில் ஏறச் சொன்னால் "எனக்கென்ன தெரியும்" என்று பின்வாங்குகிறார்கள். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை என்பதுதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எலெக்‌ஷன் வந்தால் நம்மிடம் தலைவர்களுக்குப் பஞ்சமே இல்லை. டிசி (திருமண்டலக் கவுன்சில்) மெம்பர் சீட்டுக்கு ஒரு ஊருக்கு நான்கு பேர் நிற்பார்கள், கார் ஓடும், பிரியாணி ஓடும். வியாழக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குப் பாய் விரிக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது வேலைக்கு ஆள் உண்டாக்கத்தான் இந்த வீடு.

நம் பெரியவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 1780-ல் பாளையங்கோட்டையில் முதல் சபைப் பதிவேடு எழுதப்பட்டபோது அதில் இருந்தது 40 பெயர்கள். அந்தச் சபையைக் கூட்டிச் சேர்த்தவர் குளோரிந்தா அம்மையார். மிஷனெரி அல்ல, ஒரு விதவை. அவருடைய முயற்சியில் எழும்பிய கோயிலை 1785-ல் ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். அதற்குப் பிறகு 1790-ல் குருப்பட்டம் பெற்று இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த சத்தியநாதன் ஐயரும் தமிழர்தான். 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்று முதலூர் என்ற ஊர் உண்டானபோது முன்னால் நின்ற டேவிட் சுந்தரானந்தமும் நம் மண்ணின் பிள்ளைதான். வெள்ளைக்காரத் துரைமார் வந்துதான் எல்லாம் செய்தார்கள் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துரைமார் செய்தது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊர்ஊராகப் போவதற்கு முன்பே நம்மவர்கள் பொறுப்பை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளாளன்விளையை இங்கே சொல்லாமல் விட்டால் எங்கள் கமிட்டிப் பெரியவர்கள் விடமாட்டார்கள். (வரைவை அவர்களிடம் காட்டியபோது "அசரியா ஐயரைப் பற்றி இன்னும் எழுது" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.) 1874-ல் அந்த ஊரில் ஒரு கிராமத்துக் குருவின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மெஞ்ஞானபுரம் போர்டிங் பள்ளியிலும் பாளையங்கோட்டையிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பட்டம் வாங்கவில்லை. 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்கே நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியிடத்துக்கு மிஷனெரி அனுப்புவதைப் பார்த்தார். திரும்பி வந்ததும் அந்த நினைப்பு அவரை விடவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அவர்கள் கொள்கை. அந்த நடு வார்த்தையைக் கவனியுங்கள், பணம். சுதந்திரத்துக்கு 44 வருஷத்துக்கு முன்னால், பனையேறியும் வயலில் உழைத்தும் பிழைத்த ஜனம், தெலுங்கு தேசத்துக்குச் சுவிசேஷகரை அனுப்பிச் சம்பளம் கொடுத்திருக்கிறது.

1909-ல் அவரே தெலுங்கு தேசத்திலுள்ள தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு படித்தார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பண்ணப்பட்டார். இதைச் சொல்லும்போது நமக்கு மார்பு நிமிருகிறது. நிமிரட்டும். ஆனால் அவரைப் பேராயராக்கும் பேச்சு எழுந்தபோது "இவரா?" என்று முகம் சுளித்தவர்கள் வெள்ளைக்காரர்களில் மட்டும் இல்லை, திருநெல்வேலியில் நம் ஆட்களிலும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை முன்னால் வரும்போது காலை வாருவது புதுப் பழக்கம் இல்லை.

தோர்ணக்கல்லில் அவர் செய்ததைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வருகிறோம். கிராமத்து ஊழியரை மட்டும் அழைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பவில்லை. அவர்களுடைய மனைவிமாரையும் கூட உட்கார வைத்துப் படிக்க வைத்தார். ஒரு கிராமத்துக்கு ஒரு குடும்பமே தலைமை கொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1945-ல் அவர் மரிக்கும்போது அந்தத் திருமண்டலத்தில் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். பேராயர் ஒருவர் தனியாக நடந்து போய் இத்தனை பேரைச் சேர்க்க முடியுமா? பயிற்சி பெற்ற அந்தச் சாதாரண ஊர் ஜனங்கள் செய்த வேலை அது. பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919-ல் தரங்கம்பாடியில் கூடிப் பேச அழைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பேச்சு 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியதைக் காண அவர் இல்லை. நாடு விடுதலையாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆட்சி மாறுகிறது, சபை மாறுகிறது, துரைமார் கப்பலேறுகிறார்கள். அந்த நேரத்தில் பொறுப்பை வாங்கிக்கொள்ள நம்மிடம் ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்றால், அதற்கு நாற்பது வருஷம் முன்பே யாரோ பிடி அரிசி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிடி அரிசி என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு கை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். வீட்டில் கஞ்சி மட்டும் இருந்த நாளிலும் அந்தப் பானை நிறைந்தது.

2013-ல் ஆந்திராவிலுள்ள நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயரான முதல் பெண் அவர். நம் சேகரத்திலோ இன்னும் ஒரு சபையில்கூடப் பெண் ஒருவர் செயலாளராக வந்ததில்லை. இந்த இல்லத்தில் முதல் வருஷம் சேர்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருப்பார்கள் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. இதற்குக் கமிட்டியிலேயே எதிர்ப்பு இருந்தது. பேசித் தீர்த்தோம்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வகுப்பு. வேதபாடம் நடத்துவது, ஆராதனை முறைமை, பிரசங்கம் தயாரிப்பது. அதோடு சபைக் கணக்கு எழுதுவது, துக்க வீட்டிலும் குடி நோயாளி வீட்டிலும் எப்படிப் பேசுவது, பிள்ளைகளைப் பாதுகாப்பது, அரசாங்க ஆபீசில் ஒரு வேலையை முடிப்பது எப்படி என்பதும் உண்டு. 40 பேர் உட்கார ஒரு ஹால், தூரத்து ஊர்ப் பெண்கள் இரவு தங்க இரண்டு அறை, கழிப்பறை. அவ்வளவுதான். ஏசி கிடையாது.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். பெயர் போட்டால் விட்டுப்போனவர்கள் வருத்தப்படுவார்கள், போடவில்லை என்றால் கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்கள். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை.

ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவர் தனக்கு வந்த நிலுவைத் தொகையில் 2,00,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்து, ரசீதைக்கூட மடித்துப் பார்க்காமல் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்து 4,50,000 அனுப்பினார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அந்த மாதம் சம்பளமே வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்று 62,300 ரூபாய் சேர்த்தார்கள். அந்த அடுப்பில் நின்ற அக்காமாரை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை 11,000 ரூபாய்க்கு எடுத்து, அதைத் திரும்ப ஏலத்துக்கே விட்ட அண்ணன் சிரித்துக்கொண்டே போனார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் உண்டியலில் 4,115 ரூபாய், எல்லாம் சில்லறை. பொருளாளர் எண்ணி முடிக்க இரவு பத்து மணி ஆயிற்று. ஊரில் செங்கல் சூளை வைத்திருக்கும் இந்துச் சகோதரர் இரண்டு லோடு கல்லுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். பக்கத்து ஊர் கத்தோலிக்க சபையார் தண்ணீர் டேங்கர் அனுப்பினார்கள். நூறுநாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி மாதாமாதம் 50 ரூபாய் தவறாமல் தருகிறார்கள். வராத மாதம் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பாட்டியைச் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையில், போன தடவை, வாக்குத்தத்தக் கார்டு கொடுத்தோம். 212 குடும்பங்கள் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பீடத்தில் வைத்தன. அவற்றில் 94 கார்டுகளுக்கு இன்றுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை. யாருக்குக் கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். வேலை போனவர்கள், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு உள்ளவர்கள் மனம் கலங்க வேண்டாம், கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம். மற்றவர்களுக்கு ஒரே வார்த்தை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் மண்டபம், வீடியோ, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று செய்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்ல ஒரு ஆளை உருவாக்கக் கேட்டால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்கிறோம். "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று வேதாகமத்தில் பிரசங்கி சொல்கிறான், நாங்கள் சொல்லவில்லை.

கணக்கு இதுதான். மொத்த மதிப்பீடு 36,50,000. வந்தது 24,15,000. இன்னும் வேண்டியது 12,35,000. இதில் தளத்துக்கு 5,80,000, கதவு ஜன்னலுக்கு 2,10,000, கரண்ட் வேலை, பைப், கழிப்பறைக்கு 2,45,000, பூச்சுக்கும் தரைக்கும் 2,00,000. அக்டோபர் 10-க்குள் வேண்டியது முதல் தொகை மட்டும். மற்றது கிறிஸ்மஸ் வரை பொறுக்கும். 94 கார்டுகளிலும் எழுதிய தொகையைக் கூட்டினால் 5,12,000 வருகிறது. மற்றவர்களிடம் புதிதாகக் கேட்க வேண்டியது 68,000 மட்டும்தான்.

ஒரு சிமெண்ட் மூட்டை கொடுத்தாலும் பதிவேட்டில் ஏறும். பொருளாகத் தருகிறவர்கள் எங்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். போன தடவை அன்போடு வந்த டியூப் லைட்டுகள் பதினெட்டு இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் சபை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்துப் பொருளாளருக்குச் செய்தி அனுப்புங்கள். வெறும் தொகை மட்டும் வந்தால் யாருடையது என்று தேட ஒரு வாரம் ஆகிறது. ரொக்கத்தைக் கமிட்டி ஆட்கள் யாரிடமும் வழியில் கொடுக்க வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் தெற்கு வாசலில் பொருளாளரும் இரண்டு உறுப்பினர்களும் ரசீது புத்தகத்தோடு மதியம் ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். வரவு செலவு நோட்டு அங்கேயே மேசைமேல் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். கல்வெட்டில் கொடையாளர் பெயர் போடுவீர்களா என்று சிலர் கேட்டார்கள். போடுவதில்லை என்று தீர்மானம்.

தளம் போடும் நாளில் கூலியாட்களுக்கு மதியச் சாப்பாடு பொங்க வாலிபர் சங்கத்தார் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அரிசி தர விருப்பமுள்ளவர்கள் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் குருமனையில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கர்த்தரின் பணியில்,
கட்டடக் கமிட்டியார்