தலையை உள்ளே இழுத்த கடலாமை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் 'ராட்சத ஆமைகள்' கட்டுரையில், எப்போதோ அழிந்துபோன ராட்சதக் கடலாமையான ஆர்க்கெலானைப் பற்றி, 'எதிரி வந்தால் ஆர்க்கெலான் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்' என்று ஒரு வரி. இழுத்துக்கொள்ளட்டும், ஆனால் எதற்குள்?

கடலாமை எதுவும் அப்படிச் செய்யாது. துடுப்பாகிவிட்ட கையை மடக்கி வைக்க ஓட்டில் இடமில்லை. ஆர்க்கெலானுக்கோ ஓடே முழுசாகக் கிடையாது. முதுகில் இருப்பது ஓடு வேயாத கூரைச் சட்டம்: விலா எலும்புகள், நடுநடுவே பெரிய இடைவெளிகள். மேலே தோல்தான் போர்த்தியிருக்க வேண்டும், நம் கரைக்கு வரும் ஏழுவரி ஆமைக்கு (லெதர்பேக்) இருப்பதுபோல. கனமெல்லாம் வயிற்றுப் பக்கம். நான்கு பெரிய எலும்புத் தட்டுகள், ஓரமெங்கும் விரல் விரித்தாற்போல முட்கள்.

தப்பிக்க அதற்கு இருந்த ஒரே வழி நீச்சல். அதுவும் எப்போதும் கைகொடுக்கவில்லை. 1895இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் தொல்லுயிர் ஆய்வாளர் வீலண்ட் தோண்டியெடுத்த முதல் எலும்புக்கூடு இன்று அங்குள்ள யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வலது பின்துடுப்பு இல்லை. கீழ்க்கால் எலும்புகள் பாதியில் அறுந்திருக்கின்றன. குட்டிப் பருவத்திலேயே எதுவோ கடித்துவிட்டது என்பது அவர் முடிவு. காலை உள்ளே இழுக்க முடிந்திருந்தால் கால் மிஞ்சியிருக்குமே ஐயா!

'15 அடி ஓடு' என்பதும் தவறு. வியன்னாவில் உள்ள எலும்புக்கூடு மூக்கிலிருந்து வால்வரை 4.6 மீட்டர். ஓடு அதில் ஏறக்குறைய பாதி. எடை இரண்டு டன்னுக்கு மேல் என்பது எலும்பை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் கட்டுரையாளர் தராசில் நிறுத்துப் பார்த்தவர்போல எழுதுகிறார்.

ஆர்க்கெலான் என்று பெயர் போட்ட படம் அதைவிட மோசம். ஓட்டின் முன்பக்கம் இரண்டு கொம்பு தெரிகிறதே, யாரும் பார்க்கவில்லையா? அது ஸ்டுபெண்டெமிஸ். வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் கிடைத்த நன்னீர் ஆமை. ஆர்க்கெலான் அழிந்து சுமார் ஆறு கோடி ஆண்டு கழித்து வாழ்ந்தது. (அதுவும் கழுத்தைப் பக்கவாட்டில் மடிக்கும் சாதி. உங்கள் வரி அதற்கும் பொருந்தாது.)

இது புதிதல்ல. திமிங்கிலத்தை 'உலகின் மிகப்பெரிய மீன்' என்றீர்கள், எழுதினேன். கரையொதுங்கிய பங்குனி ஆமையின் படத்துக்குக் கீழே, வேறு இனமான 'பேராமை'யின் பெயரைப் போட்டீர்கள், அதற்கும் எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. திமிங்கிலம் பாலூட்டி என்பது என் கருத்தா? தாங்கள் அறியாததல்ல. அறிந்தவர் கண்ணில் படாமலே அச்சுக்குப் போகிறது என்பதுதான் வருத்தம்.

அந்தப் பக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கத்தரித்து சார்ட்டில் ஒட்டுவார்கள். ஆகவே கேட்பது இவ்வளவே: படத்தின் பெயரையும் அந்த ஒரு வரியையும் திருத்தி, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள். வழக்கம்போல ராசிபலனுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
நாகப்பட்டினம்.