பாதியில் நிற்கும் கான்: மேல் லயத்துக்குக் குடிநீர் கேட்டு ஒரு வேண்டுகோள்

அன்பான உறவுகளுக்கு,

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்பிலிருந்து பன்னிரண்டு பாடசாலை மாணவர்கள் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். ஆறு நாள் தங்கிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, பாலர் பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூசுவது, இதுதான் திட்டம். அந்தச் சுவர் இன்னும் பழைய நிறத்தில்தான் இருக்கிறது. ஏன் என்று சொன்னால்தான் இந்த வேண்டுகோள் விளங்கும்.

முதல் நாள் வகுப்பு காலை ஏழரைக்கு. உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி, தானே படம் வரைந்த அட்டைகளோடு காத்திருந்தாள். வந்தது நாலே பிள்ளைகள். எட்டரைக்கு மேல்தான் மற்றவர்கள் நனைந்த உடுப்போடு ஒவ்வொருவராக வந்தார்கள். “பீலியில வரிசை, டீச்சர்” என்றது ஒரு பிள்ளை.

மறுநாள் விடியக்காலையில் அந்த மாணவியும் பீலிக்குப் போனாள். பீலி என்பது நாங்கள் தண்ணீர் பிடிக்கும் இடம். அது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். பத்து லீட்டர் கேனை அவள் வழியில் இரண்டு தரம் இறக்கி வைத்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இடுப்பில் குடமும் கையில் கேனுமாக அவளைத் தாண்டிப் போனது. அம்மாமார் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டியிருப்பதால், காலைத் தண்ணீர் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் எங்களுக்கு எழுதினாள்: “நான் கொண்டுவந்த முதல் அட்டையில் இருந்த படம் ஒரு டம்ளர் தண்ணீர். அதைக் காட்டி ‘வாட்டர்’ என்று சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.”

அன்று மாலை மாணவர்கள் எங்கள் குடிநீர்க் குழுவைத் தேடி வந்து, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். எங்களிடம் ஒரு வேலை காத்துக் கிடந்தது. லயத்துக்கு மேலே, தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நல்ல ஊற்று ஒன்று உண்டு. அதன் தண்ணீர் தேயிலைக்கு நடுவே ஓடி, உரமும் மருந்தும் கலந்துதான் கீழே பீலியில் விழுகிறது. ஊற்றிலேயே மூடிய தொட்டி கட்டி, அங்கிருந்து பைப் புதைத்தால் தண்ணீர் தானாகவே லயத்துக்கு இறங்கிவிடும். மோட்டரும் வேண்டாம், கரண்ட் பில்லும் இல்லை. நிர்வாகத்தின் அனுமதியும் கிடைத்துவிட்டது. பகலில் பைப் புதைக்கும் பள்ளமான கானை வெட்டத்தான் ஆள் இல்லை.

சரி, நாங்கள் வெட்டுகிறோம் என்றார்கள். ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் பக்கம் மழையும் அட்டைக் கடியும் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, மண்வெட்டி பிடித்தே பழக்கமில்லாத பிள்ளைகள் நாலு நாள் நின்று வெட்டினார்கள். வேலை முடிந்து வந்த எங்கள் ஆட்கள் பின்னேரங்களில் அலவாங்கோடு சேர்ந்துகொண்டார்கள். மொத்தம் 620 மீட்டரில் 280 மீட்டர் முடிந்தது. கடைசி நாள் அந்த மாணவியின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். எங்கள் பாட்டி ஒருவர் அந்தக் கைக்கு எண்ணெய் தடவிவிட்டதை நாங்கள் மறக்கமாட்டோம்.

இதை ஏன் நாமே செய்ய வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, காணி அரசிடமே இருக்கிறது. தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்குத் தடையாக இருந்த சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. மனு கொடுப்பதை நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டோம். ஆனால் ஜனவரி வந்தால் பீலி நூலாகிவிடும். கீழே மவுசாகலை நீர்த்தேக்கம் பரந்து கிடக்க, நாங்கள் ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம் நிற்போம். தண்ணீருக்காகப் பிள்ளைகள் பாடசாலைக்குப் பிந்திப் போவதை இன்னொரு வருடம் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது.

லயத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாள் சம்பளத்தைப் போட்டிருக்கிறது. அதில் ஊற்றடித் தொட்டிக்கான மணலும் கல்லும் வந்து இறங்கிவிட்டன. இனி வேண்டியது கறுத்த பைப் சுருள்கள், சீமெந்து, ஒரு நீர்த்தாங்கி, லயத்துக்கான குழாய்களும் வால்வுகளும். பணமாகத் தரலாம், பொருளாகவும் தரலாம். ஒரு மூட்டை சீமெந்து என்றாலும் ஒரு குழாய் என்றாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். கூலிக்கு ஒரு சதமும் செலவாகாது. வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் கோயில் பலகையில் ஒட்டுவோம், தந்தவர்களுக்கும் பற்றுச்சீட்டோடு அனுப்பிவைப்போம். வங்கிக் கணக்கு விவரத்தைக் குழுச் செயலாளரிடமோ, இந்தக் கடிதத்தை உங்களிடம் தந்தவரிடமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் அதே மாணவர்கள் மறுபடி வருகிறார்கள். அதற்குள் பைப் வந்து சேர வேண்டும். வெட்டிய கானைச் சும்மா விட்டால் மழைக்கு மண் சரிந்து மூடிவிடும். ஏற்கெனவே இரண்டு இடத்தில் மூடிக் கிடக்கிறது.

இப்படிக்கு,
மேல் லயக் குடிநீர்க் குழுவினர்