கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் வந்தால் அடக்குவதா, கொட்டித் தீர்ப்பதா என்று கேட்டிருக்கிறாய். இரண்டிலும் ஒரே கோளாறுதான். அந்தக் கோபம் எந்தத் தேவைக்காக வந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

'இளிவே இழவே அசைவே வறுமை' என்று அழுகைக்குத் தொல்காப்பியர் நான்கு காரணம் சொல்கிறார்: பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலை குலைவது, இல்லாமை. கண்ணீர் ஒன்றுதான். ஆனால் இழந்தவனுக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். இகழப்பட்டவனுக்கு மரியாதை வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஆறாது. கோபமும் அப்படித்தான்.

'அவர் என்னை ஒதுக்கிவிட்டதாக உணர்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். அது உணர்வு இல்லையப்பா, அவர்மேல் நீ எழுதிய தீர்ப்பு. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் விடாமல் வலியுறுத்திய வேறுபாடு இதுதான்: கண்டது, உணர்ந்தது, தேவை, வேண்டுகோள் நான்கையும் கலக்காதே என்பார். உன்னை ஒதுக்கியதாக நீ சொல்லும் ஆளை விட்டுவிட்டு வாக்கியத்தைச் சொல்லிப் பார். 'வருத்தமாக இருக்கிறது' நிற்கும். 'ஒதுக்கப்பட்டேன்' நிற்காது, ஒதுக்கியவர் உள்ளேயே ஒளிந்திருப்பார்.

முதலில் பசியா, தூக்கக் குறைவா என்று பார்த்துவிடு. பாதி எரிச்சல் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மூன்று வரி எழுது. முதல் வரி, கேமரா வைத்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும்: 'நான் பேசும்போது இரண்டு முறை குறுக்கிட்டார்.' 'அலட்சியப்படுத்தினார்' என்பது கேமராவில் விழாது. இரண்டாவது, உடம்பு: முகம் சுட்டதா, தொண்டை அடைத்ததா, வயிறு கலங்கியதா? முகம் சுட்டதை மட்டும் கோபம் என்று எழுதிவிடுகிறோம். தொண்டை அடைத்ததையும் சேர்த்து எழுதினால் அடியில் கிடக்கும் அவமானம் தெரியவரும். மூன்றாவது, எது கிடைத்திருந்தால் இது வந்திருக்காது? 'சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிப்பது.' அதுதான் தேவை.

வழுக்கும் இடம் இந்த மூன்றாவது வரிதான். 'அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று எழுதுவோம். ஆள் பெயர் வந்தால் அது தேவை இல்லை, தேவையை அடைய நாம் தேர்ந்த ஒரு வழி. அந்த ஒரு வழியிலேயே தொங்கினால் அவர் மறுத்ததும் எல்லாம் முடிந்தது. தேவையைப் பிடித்துக்கொண்டால் வேறு வழியும் கண்ணில் படும். வேண்டுகோளும் செய்யக்கூடியதாக இருக்கட்டும். 'என்னை மதியுங்கள்' என்றால் அவர் என்னதான் செய்வார்? 'இரண்டு நிமிடம், முடித்துவிடுகிறேன், பிறகு சொல்லுங்கள்' என்றால் புரியும்.

பொறாமையைக் கண்டு வெட்கப்படுவதாகவும் எழுதியிருந்தாய். வெட்கப்பட்டு மூடிவைத்தால் அது சொல்ல வந்தது வீணாகும். நீ பொறாமைப்படும் ஆளுடைய வாழ்க்கையில் எந்தத் துண்டு உறுத்துகிறது என்று கேள். பணமா, பாராட்டா, நினைத்த நேரத்தில் எழுந்துபோகும் சுதந்திரமா? பெரும்பாலும் ஒரு துண்டுதான். மீதியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டாய். குற்ற உணர்வு அப்படியில்லை, நாமே மதிக்கும் ஒன்றை மீறியதைக் காட்டுவது. அதற்குப் பரிகாரம் செய்தால் போதும்.

பெயர் வைப்பதே ஓரளவு தணிக்கும். அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மேன் குழு 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், படத்திலிருந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல் தேர்ந்தெடுத்தபோது, பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. ஆனால் எழுதியதையே நான்காவது நாளும் அப்படியே எழுதினால் அது ஆராய்ச்சி இல்லை, அசைபோடுவது. புதிதாக ஒரு 'ஏனென்றால்' வராத அன்று நோட்டை மூடிவை. இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மூன்று வரி போதாது, டாக்டரைப் பார்.

அடுத்த கடிதத்தில் அந்த மூன்று வரியை மட்டும் எழுது. அவர் பெயர் வரக்கூடாது.

அன்புடன்,
ரகு