பின் ஆக்சிலை நீட்டும் முன் முன்சக்கரத்தை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஸ்போர்ட் குவாட் வண்டி (மண் தரையில் ஓட்டும், பைக் போல ஹேண்டில் வைத்த நான்கு சக்கர வண்டி) வாங்கி மாற்றியமைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சொந்தத் தோட்டத்தில் ஓட்டுவோரும் உண்டு, விடுதிகளில் சுற்றுலா வருவோருக்கு வாடகைக்கு விடுவோரும் உண்டு. பட்டறைக்கு வண்டி வந்ததும் ‘பின்பக்கத்தை அகலமாக்கிக் கொடுங்கள்’ என்பார்கள். எவ்வளவு என்று கேட்டால், டயரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை 50 அங்குலம் என்று பதில் வரும். அந்த 50 எந்த இடத்துக்கு உரியது, நம் ஊர் நிலத்துக்குப் பொருந்துமா என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

50 அங்குலம் என்பது அமெரிக்க மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளின் அளவு. அங்கே ஓடுபாதையை மண் கொட்டி, வளைவு வைத்து, இடைஞ்சல் இல்லாமல் அமைத்திருப்பார்கள். மரங்களுக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் அந்த அளவைத் தொடுவதில்லை. யமஹா நிறுவனமே ஒய்.எஃப்.இசட். 450 ஆர் வண்டியைச் சுமார் 49 அங்குல அகலத்திலும், காட்டுப் பாதைக்கான 450 எக்ஸ் வண்டியைச் சுமார் 46 அங்குலத்திலும் செய்தது. அதே வண்டிதான், ஓடும் இடத்தைப் பார்த்து மூன்று அங்குலம் குறைத்திருக்கிறார்கள். ராப்டர் 700 வண்டியும் 46ஐ ஒட்டித்தான் வருகிறது.

நம் பக்கம் நிலத்தைப் பாருங்கள். கல்கால் நட்டுக் கம்பி இழுத்த வேலி. நடுவில் நாலடி வழி விட்டிருந்தால் அது 48 அங்குலம். 50 அங்குல வண்டி அதில் நுழையாது. 46 அங்குல வண்டி பக்கத்துக்கு ஓர் அங்குலம் இடம் விட்டுப் போகும், அதுவும் நேராகப் போனால்தான். ஏரிக்கரை, வரப்பு ஓரம், குண்டுக்கல் கிடக்கும் மேட்டுப் பாதை எல்லாவற்றிலும் கணக்கு இதே.

அடுத்தது திரும்புதல். ஸ்போர்ட் குவாட்டின் பின்பக்கத்தில் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. இரு சக்கரத்தையும் இணைக்கும் தண்டு ஒரே ஆக்சில், இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும் என்பதால் ஏதாவது ஒன்று சறுக்கியே ஆக வேண்டும். 46 அங்குல வண்டியில் 10 அங்குல அகல டயர் என்றால் டயர் நடுவிலிருந்து டயர் நடு 36 அங்குலம். வண்டியை அரைவட்டம் திருப்பினால் இரண்டு சக்கரங்களின் பாதை வித்தியாசம் சுமார் 2.87 மீட்டர். 50 அங்குலமாக்கினால் 3.19 மீட்டர். ஒவ்வொரு திருப்பத்திலும் 32 சென்டிமீட்டர் கூடுதலாகத் தேய்க்கிறீர்கள். உதிரிச் செம்மண்ணில் இது பெரிதாகத் தெரியாது, டயர் வழுக்கிக் கொடுத்துவிடும். கருங்கல் பாறை மேல் அப்படி இல்லை. பாறை டயரைக் கவ்விப் பிடிக்கும். சறுக்க வழியில்லாத முறுக்கு முழுவதும் ஆக்சிலிலும், ஸ்பிளைனிலும் (சக்கரம் மாட்டும் ஹப்பைப் பிடிக்க ஆக்சிலில் வெட்டிய பற்கள்), செயினிலும் இறங்கும். ஹேண்டிலைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். பாறை நிறைந்த இந்த மாவட்டத்தில் அகல ஆக்சில் சீக்கிரம் கெடுவதற்கு இது முக்கியக் காரணம்.

‘அகலம் கூடினால் கவிழாதே’ என்பார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு? ஓட்டுபவரையும் சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 46 அங்குல வண்டி நின்ற நிலையில் சுமார் 44 டிகிரி பக்கச் சரிவில் கவிழும், 50 அங்குல வண்டி 46 டிகிரியைத் தாண்டியதும் கவிழும். கிடைத்த லாபம் இரண்டரை டிகிரிகூட இல்லை. எடை மையத்தை ஐந்து சென்டிமீட்டர் இறக்கினாலே அதே பலன் வந்துவிடும். பின் டயரை 20 அங்குல உயரத்திலிருந்து 18க்கு மாற்றினால் பின்பக்கம் ஓர் அங்குலம் இறங்கும். ஆனால் ஸ்பிராக்கெட்டும் டிஸ்க்கும் கல்லுக்கு அவ்வளவு கிட்டே வந்துவிடும், அடியில் காப்புத் தகடு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

அதனால் எங்கள் கருத்து இது: தோட்டம், மேட்டுப் பாதை, கல் நிலம் என்றால் பின் அகலம் 46 அல்லது 47 போதும். திடலில் பாதை அமைத்து ஓட்டுபவர் மட்டும் 49, 50 போகலாம். எந்த அளவானாலும் பின்பக்கம் முன்பக்கத்தை மிஞ்சக் கூடாது. சமமாக இருக்கலாம், ஓர் அங்குலம் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. முன்சக்கரம் கல்லைத் தாண்டிவிட்டது என்று ஓட்டுபவர் நம்பிக்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் போய் மோதுவது, பின்பக்கம் அகலமான வண்டியில்தான்.

ஆர்டர் கொடுக்கும்போது ஒரு குழப்பம் வருகிறது. முன்பக்க ஏ-ஆர்மில் (முன்சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) +2 என்றால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம், மொத்தம் நான்கு. ஆக்சிலில் +4 என்றால் பெரும்பாலும் இரு பக்கமும் சேர்த்தே நான்கு. இரண்டும் +2 என்று வாங்கினால் பின்பக்கம் முன்பக்கத்தைவிட இரண்டு அங்குலம் குறைந்து நிற்கும். பணம் கட்டும் முன் ‘மொத்தமா, பக்கத்துக்கா’ என்று கேட்டுவிடுங்கள். ஹப்பை ஸ்பிளைன் மேல் உள்ளே வெளியே நகர்த்தி வைக்கும் ஆக்சில் கிடைத்தால் அதுவே நல்லது.

அளப்பதற்கும் முறை உண்டு. டயரில் ஓட்டும் காற்று இருக்க வேண்டும், ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி அமுங்கும்போது முன்சக்கரம் விரியும், பின்பக்கம் விரியாது. காலி வண்டியில் அளந்தால் முன் அளவு தப்பாக வரும். டயரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து அளங்கள்.

ஆக்சில் மாற்றாமலே அகலம் மாற்ற ரிம் ஒரு வழி. போல்ட் உட்காரும் முகத்திலிருந்து உள்ளே 3, வெளியே 5 அங்குலம் உள்ள ரிம்மைக் கழற்றி, 4க்கு 4 ரிம் போட்டால் மொத்த அகலம் இரண்டு அங்குலம் குறையும். டிராக்டர்காரர்கள் பயிர் வரிசையின் பாருக்குத் தக்கபடி ரிம்மைத் திருப்பிப் போடுவார்கள். குவாட்டில் அது வேண்டாம். நட் உட்காரும் சரிவு ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கும், திருப்பிப் போட்டால் நட் நிற்காது.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தடிப்பு வளையமான ஸ்பேசர் விலை குறைவு என்பதால் பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். பக்கத்துக்கு ஓர் அங்குலம், மெதுவான ஓட்டம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். அதற்கென்று தனி ஸ்டட் இருக்க வேண்டும், ஹப்பின் நடு வட்டத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். நீளப் போல்ட் போட்டு வாஷர் அடுக்குவது ஸ்பேசரே அல்ல. நெம்புகோல் கணக்கை மறக்க வேண்டாம். பேரிங் வண்டி நடுவிலிருந்து நான்கு அங்குலத்தில் இருந்தால், டயர் நடு வரை 14 அங்குலம் தொங்குகிறது. பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டினால் 16. ஆக்சிலை வளைக்கும் விசை ஏழில் ஒரு பங்கு ஏறிவிட்டது, ஆனால் ஸ்பேசர் போட்ட வண்டியில் ஆக்சில் பழையதுதான்.

ஓசூரில் நல்ல கடைசல் பட்டறைகள் இருக்கின்றன, ஆக்சிலை இங்கேயே செய்துகொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. அப்படிச் செய்வதானால் இஎன் 8 என்ற சாதாரண கார்பன் எஃகுக் கம்பியில் கடைய வேண்டாம். இஎன் 24 என்ற கலப்பு எஃகை எடுத்து முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய வேண்டும். தடிமன் மாறும் இடத்தைச் செங்குத்தாக வெட்டாமல் வளைவாக இறக்க வேண்டும். ஆக்சில் முறியும் இடம் அந்த மூலை, இல்லாவிட்டால் நட் ஏறும் மறையின் (திருகு வரியின்) அடி. டூல் கீறல் ஒன்று இருந்தாலும் விரிசல் அங்கேதான் தொடங்கும். பழைய ஆக்சிலை வெட்டி, நடுவில் துண்டு வைத்து வெல்டிங் அடிப்பதை எந்தப் பட்டறையும் ஏற்கக் கூடாது. வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் பதம் போய்விடும். வேகத்தில் ஒரு சக்கரம் கழன்றால் ஓட்டுபவர் வண்டிக்கு அடியில் கிடப்பார்.

அகலமாக்கிய பின் பின் ஷாக்கின் ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள், தேவையில்லை. பின் ஷாக், ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மில் இருக்கிறது, ஆக்சில் நீளம் அதன் பாரத்தை மாற்றாது. முன்பக்கம் ஏ-ஆர்ம் நீண்டால்தான் கெட்டி ஸ்பிரிங், நீளமான டை ராடு (ஹேண்டில் திருப்பத்தை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி), பிரேக் ஹோஸ் எல்லாம் வேண்டும்.

பொருத்தும்போது கவனம் வேண்டியது, ஹப் ஆடாமல் ஆக்சிலில் பூட்டும் லாக் நட்டில். ஆக்சில் மறையையும் நட்டையும் பெட்ரோலால் கழுவிக் காயவிட்டு, த்ரெட் லாக் தடவி, முதல் நட்டை நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்கி, இரண்டாவதை அதன் மேல் பூட்டுங்கள். ஸ்பிளைனில் கிரீஸ் தடவுங்கள், அது மறைக்குப் போகக் கூடாது. பிறகு நட்டிலும் ஆக்சிலிலும் சேர்த்துப் பெயின்ட் கோடு ஒன்று. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் நட் தளர்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் ஹப் ஆடி ஆடி ஸ்பிளைன் பல்லைத் தின்றுவிடும், ஆக்சிலும் ஹப்பும் இரண்டுமே வீண்.

வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் காலையில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கையும் நட்டையும் பார்க்கும்வரை அந்த வண்டியை வெளியே விடாதீர்கள். சிறுவர் குவாட்களில் ஸ்பேசர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வண்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.