நவுநக்தேயின் வெண்கலப் பாத்திரம்

அன்புள்ள ராஜி,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? படி ஏற முடிகிறதா? எகிப்தில், லக்சரில் இருந்த ஐந்து நாளும் நீ கூட இல்லையே என்றுதான் நினைத்துக்கொண்டேன். பெரிய கோயில்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். என் மனதில் தங்கியதோ, நைலின் மேற்குக் கரையில் மலையிடுக்கில் கிடக்கும் டெய்ர் எல் மெதினா என்ற சின்ன ஊர்.

அரசர்களுக்கு மலையைக் குடைந்து கல்லறை அமைத்து, சித்திரம் தீட்டியவர்கள் குடியிருந்த இடம். மதிலுக்குள் சுமார் 68 வீடுகள், ஒரு குறுகிய தெரு. ஊரில் தண்ணீர் இல்லை. கழுதை மேல்தான் வரவேண்டும். தண்ணீர் கொண்டுவருபவர், மீனவர், விறகுவெட்டி, துணி வெளுப்பவர் எல்லாரையும் அரசாங்கமே அமர்த்தியிருந்தது. அவர்களுக்குப் பெயரே ‘வெளியாட்கள்’. வெளுக்கப் போட்ட துணிகளைப் படமாக வரைந்து, பக்கத்தில் புள்ளி வைத்து எண்ணிக்கை காட்டிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. வெளுப்பவருக்கு எழுத்து தெரியாது, அதனால்தான் படம் என்கிறார்கள்.

ஒரு கல்லில், அரசர் இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டு வேலைக்கு வராதவர் கணக்கு. ஒருவரைத் தேள் கொட்டியது, ஒருவருக்குக் கண்வலி, ஒருவர் பீர் காய்ச்சப் போனார், ஒருவர் இறந்த தாயின் உடலைத் துணி சுற்றப் போனார். வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு என்பதும் ஒரு காரணம். 3,200 வருடத்துக்கு முன்னால் இதையெல்லாம் காரணமாக ஏற்று எழுதிவைத்திருக்கிறார்கள், ராஜி!

கூலி தானியம்தான். ஒரு தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டு அது வராமல் இழுத்தடித்ததால், வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களைக் கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். அரசர் கல்லறையில் பொன் குவிக்கிற நாட்டில், அதைக் குடைந்தவன் மீனுக்கு ஏங்கியிருக்கிறான். அந்த இடத்தில் நின்றபோது கோபமே வந்தது.

அப்புறம் நவுநக்தே என்ற பெண். கி.மு. 1145 வாக்கில், வயதான காலத்தில், ஊர்ப் பஞ்சாயத்து முன் உயில் சொல்லியிருக்கிறாள். எட்டுப் பிள்ளைகளையும் வளர்த்து, குடும்பம் வைக்கச் சாமான் செட்டும் கொடுத்தேன். இப்போது என் கையைப் பிடித்தவருக்கே என் சொத்து, கைவிட்டவருக்கு இல்லை என்கிறாள். ஒரு மகனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வெண்கலப் பாத்திரம், கை கால் கழுவுகிறது. அவன் என்ன செய்தானோ! அந்தப் பெண்ணுக்குத் தன் சொத்தைத் தானே பிரிக்க உரிமை இருந்தது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அங்கே நிற்கும்போது உன் நினைவுதான். ஆறு வருடம் படுக்கையில் கிடந்த அம்மாவைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்ட உன் கை. உன் அண்ணன்மார் பாகம் பிரிக்க வந்த அன்று நீ ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பித்தளை அண்டாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாய். நான் கூட அன்று உன்னைத் திட்டினேன். இப்போது திட்டமாட்டேன்.

பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீ எழுந்து வரவேண்டாம், கதவைத் தாழ் போடாமல் வை.

உன்
கமலா